12 வருசத்துக்குப் பிறகு ஆர்சி கார் ரேஸ்: பழசில எதை வச்சிக்கிறது, எதைப் புதுசா எடுக்கிறது? (மட்டக்களப்பு)

கல்லடிக்கரை · ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இடம் கல்லடி. 2007 இல இருந்து 2012 வரை கத்தாரில, தோகாவில வேலை செய்தன். அங்க வெள்ளிக்கிழமை பின்னேரங்களில ஒரு பெரிய கார் பார்க்கில பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆர்சி கார், அதான் ரிமோட்டில ஓடுற சின்னக் கார், ஓடுவம். என்னிட்ட இருந்தது தமியா எண்ட யப்பான் கம்பனிட ரிரி-01. உண்மைக் காரில 10இல் ஒன்று அளவு, நாலு சில்லுக்கும் இழுவை, சாதாரண 540 மோட்டர். அந்த ஐஞ்சு வருசமும் கிழமையில நான் காத்திருந்த நாள் அதுதான்.

ஊருக்கு வரேக்க பெட்டியோட கொண்டு வந்து பரணில வச்சது. போன கிழமை ஓடு மாத்த ஏறினபோதுதான் திரும்பக் கண்ணில பட்டுது. இறக்கித் துடைச்சுப் பார்த்தன். நிக்கல் பெற்றறி ரெண்டுக்கும் முனையில வெள்ளைப் பூ பூத்திருக்கு. ரயர் நாலும் கையால அமத்தினாக் கல்லு, ஓரத்தில வெடிப்பு. ரிமோட் அந்தக் காலத்து 27 மெகாஹேர்ட்ஸ், ஆளுக்கொரு அலைவரிசைக்குக் கிறிஸ்டல் மாத்திப் போடுறது. ஆனா சேசி நேரா இருக்கு, சஸ்பென்சன் கை முறியேல்ல, மோட்டரைக் கையால சுத்தினாச் சுத்துது.

கேக்க வேண்டியது மூண்டு விசயம். இதைத் திருத்தி ஓடலாமா, இல்ல புதுசா ஒண்டு எடுக்கிறதா? எல்லாரும் லிப்போ (லித்தியம் பொலிமர்) பெற்றறிதான் பாவிக்கிறாங்களாம், அது எங்கட வெக்கைக்கு ஒத்துவருமா? எங்க ஓடுறது? கடற்கரை வீட்டுக்குப் பக்கத்தில கிடக்கு, ஆனா மனசு ஒப்புதில்ல. கையில 60,000 ரூபாய் ஒதுக்கி வச்சிருக்கன்.

இன்னொண்டும் சொல்ல வேணும். தனிய முத்தத்தில ஓடித் திரிய எனக்கு ஆசையில்ல. பக்கத்தில இன்னொரு கார் வளைவுக்குள்ள வர வேணும். அதுக்காகத்தான் எழுதுறன்.

பாடுமீன்77 · ஞாயிறு இரவு 10.15

அண்ண, முதல் வேலையா அந்தப் பழைய பெற்றறி ரெண்டையும் சார்ஜரில போடாதீங்க. வெள்ளைப் பூ எண்டா உள்ளுக்க இருந்த காரம் கசிஞ்சு காய்ஞ்சிருக்கு. கையுறை போட்டுக் கழட்டுங்க. கார்ப் பக்கத்து வயர் முனையில ஏறியிருந்தா வினாகிரியில நனைச்ச துணியால துடைச்சு, பிறகு தண்ணித் துணியால ஒருக்காத் துடைச்சுக் காய விடுங்க. பெற்றறியை வாவிக்குள்ளயோ குப்பை எரிக்கிற இடத்திலயோ போட வேண்டாம், தயவுசெய்து.

கடற்கரைக்கு மனசு ஒப்பேல்ல எண்டு எழுதினீங்களே, அந்த மனசு சரி. என்னிட்ட டபிள்யூஎல்ரொய்ஸ் கம்பனிட 144001 எண்ட ஆர்சி கார் ஒண்டு இருக்கு. முதல் மாசத்தில கல்லடி மணலில ரெண்டு பின்னேரம் ஓடினன். வீட்டை வந்து நல்ல தண்ணியில கழுவித்தான் வச்சன். ரெண்டு கிழமையால எடுத்துப் பார்த்தா முன் சில்லு ரெண்டும் கையால சுத்தக்கூட ஏலாது. பெயரிங் உள்ளுக்க துரு. மணல் பெரிசு இல்ல, அதைத் தட்டி எடுக்கலாம். உப்புத்தான் உள்ள போய் இருந்து தின்னும். கழுவின தண்ணி பெயரிங்குக்குள்ள உப்பை இன்னும் ஆழமாத் தள்ளிப்போட்டுது எண்டு பிறகுதான் விளங்கிச்சு.

நான் ரவுனில இலத்திரனியல் சாமான் திருத்துற கடை வச்சிருக்கன். ரிரி-01 ஐ எறிய வேண்டாம். விபரமா நாளைக்கு எழுதுறன்.

ஒலுவில்பட்டறை · திங்கள் காலை 7.05

அண்ணா வணக்கம், நான் ஒலுவிலில பொறியியல் படிக்கிறன். எனக்குத் தோணுறது வேற. பழசில காசு போடாம ஒரு 144001 எடுங்க. 14இல் ஒன்று அளவு, அலுமினியச் சேசி, பெட்டியைத் திறந்து பெற்றறி சார்ஜ் பண்ணினா ஓடலாம். ரிமோட், பெற்றறி, சார்ஜர் எல்லாம் உள்ளுக்கே வரும். கம்பனி மணிக்கு 60 கிலோமீற்றர் எண்டு சொல்லுது. நான் என்டதில பிரஷ்லெஸ் மோட்டர் போட்டிருக்கன், அது வேற உலகம். உள்ளுக்க உரசுற பிரஷ் (கரித்துண்டு) இல்லை, அதால தேயாது, அதே பெற்றறியில கூட நேரம் ஓடும். உங்கட 540 மோட்டர் 1970களில இருந்து வாற சாமான்.

பாடுமீன்77 · திங்கள் பகல் 12.50

தம்பி சொல்லுறது பிழையில்ல, நானும் அதையே ஓடுறன். ஆனா ஒண்டை விட்டுட்டார். 144001 இல சிக்னல் வாங்குற ரிசீவரும் மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்துற ஸ்பீட் கொன்ட்ரோலரும் ஒரே போர்ட். ஒண்டு எரிஞ்சா ரெண்டும் போகும், அதே போர்ட் கடல் கடந்து வரும் வரை கார் அலுமாரியில. என்டது ஒருக்கா ஏழு கிழமை அப்பிடிக் கிடந்தது. ரிரி-01 இல ஒவ்வொண்டும் தனித்தனி. முன் சில்லைத் திருப்புற சேர்வோ போனா எந்தக் கம்பனிச் சேர்வோவும் போடலாம். கொழும்பில இருந்து பஸ்ஸில பார்சல் போட்டா அடுத்த நாள் கையில. சில்லு பூட்டுற இடம் 12 மில்லிமீற்றர் ஹெக்ஸ் (அறுகோணம்), அதால பல கம்பனிச் சில்லு கொழுவும்.

கொழும்பில இருக்கிற ஆளுக்கு எது வேகம் எண்டது கேள்வியா இருக்கலாம். இஞ்ச இருக்கிற எங்களுக்கு எதை ஞாயிற்றுக்கிழமை முறிச்சு அடுத்த ஞாயிறுக்கு முதல் திருத்தலாம் எண்டதுதான் கேள்வி. நான் அப்பிடித்தான் சாமான் தெரியிறன்.

கல்லடிக்கரை அண்ண, உங்கட 60,000ஐ நான் இந்த ஒழுங்கில செலவழிப்பன்.

முதல் சார்ஜரும் பெற்றறியும். இதில மிச்சம் பிடிக்க வேண்டாம். லிப்போ எங்கட வெக்கைக்கு ஒத்துவரும், ஆனா அதுக்கெண்டு ஒரு முறை இருக்கு. 2எஸ் எண்டா உள்ளுக்க ரெண்டு செல். ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட் கணக்கில 7.4. முழுசா ஏறினா செல்லுக்கு 4.2, மொத்தம் 8.4. அதுக்கு மேல ஏத்தினா ஆபத்து. 3 வோல்டுக்குக் கீழ இறக்கினாச் செல் செத்துப்போகும். அதால பலன்ஸ் சார்ஜ், அதாவது செல் ரெண்டையும் சமமா ஏத்துற சார்ஜர் கட்டாயம். பெற்றறியில தடிச்ச வயர் ரெண்டைத் தவிர மூண்டு மெல்லிய வயரோட ஒரு சின்ன வெள்ளைச் சொக்கட் வரும், அதையும் சார்ஜரில கொழுவ வேணும். தோகாவில பாவிச்ச நிக்கல் சார்ஜர் இருந்தா அதை வீட்டில வேற இடத்தில வைங்க, தெரியாம யாரும் லிப்போவைக் கொழுவக் கூடாது.

5000 மில்லி அம்பியர் மணி பெற்றறியை 5 அம்பியரில சார்ஜ் பண்ணுறது, அதைத்தான் 1சி எண்டுறது. ஓடேக்க எவ்வளவு அம்பியர் குடுக்கும் எண்டதுக்குப் பெற்றறியில 60சி, 100சி எண்டு அடிச்சிருப்பாங்க, அதை நம்பிக் காசு கூடக் குடுக்க வேண்டாம். 30சி எண்டாலே கணக்குப்படி 150 அம்பியர். உங்கட மோட்டர் கேக்கிறது அதில ஒரு துண்டு.

ஓடி முடிஞ்சு வந்து சுடச்சுடச் சார்ஜில போடாதீங்க. கை வச்சா வீட்டுச் சுவர் மாதிரி இருக்க வேணும், அதுக்குப் பிறகுதான். அடுத்த ஓட்டம் ஒரு கிழமைக்குப் பிறகு எண்டா சார்ஜரில ஸ்டோரேஜ் எண்டு ஒரு முறை இருக்கும், அதில செல்லுக்கு 3.8 வோல்டில நிப்பாட்டி வைங்க. முழுச் சார்ஜில தகரக் கூரைக்குக் கீழ ஒரு மாசம் வச்ச என்ட பெற்றறி ஒண்டு பால் பொங்கின மாதிரி வயிறு ஊதி நிண்டது. அதைக் குத்தக் கூடாது, அமத்தக் கூடாது. முத்தத்து மணலில வச்சு ஒரு மோட்டார்சைக்கிள் சிக்னல் பல்ப்பைப் பூட்டி முழுக்க வடிய விட்டுத்தான் கழிச்சன்.

வைக்கிறதுக்கு நான் மண்சட்டி பாவிக்கிறன். சோறு கறி ஆக்குற அதே சட்டிதான், மேல இன்னொரு சட்டியை மூடியாக் கவுத்தி வைக்கிறது. இறுக்கிப் பூட்டுற தகரப் பெட்டி வேண்டாம். ஏதும் நடந்தா புகை வெளியேற வழி வேணும், இல்லாட்டிப் பெட்டியே வெடிக்கும். சார்ஜ் பண்ணுற நேரம் வீட்டை விட்டுப் போக வேண்டாம், நித்திரையும் கொள்ள வேண்டாம்.

கல்லடிக்கரை · திங்கள் இரவு 8.30

தம்பி, இவ்வளவு விபரமா எழுதினதுக்கு நன்றி. மண்சட்டி விசயம் வீட்டில சொன்னன், பழைய சட்டி ரெண்டு உடனே கிடைச்சிட்டு. மற்றச் சாமானையும் சொல்லுங்க. பழைய ஸ்பீட் கொன்ட்ரோலர் கிட்டோட வந்தது, அதை லிப்போவோட பாவிக்கலாமா?

பாடுமீன்77 · திங்கள் இரவு 9.20

வேண்டாம். அந்தக் காலத்து கொன்ட்ரோலருக்கு லிப்போ எங்க நிக்க வேணும் எண்டு தெரியாது. கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும். ஹொபிவிங் குயிக்ரன் 1060 எடுங்க. பிரஷ் மோட்டருக்குரியது, 60 அம்பியர், தண்ணி பட்டாலும் தாங்கும். அதில சின்னக் கறுப்புத் தொப்பி மாதிரி ரெண்டு ஜம்பர் இருக்கும். ஒண்டு பெற்றறி வகைக்கு. அதைக் கட்டாயம் லிப்போப் பக்கம் வைங்க. அப்பத்தான் வோல்டேஜ் இறங்கினதும் காரை மெதுவாக்கி நிப்பாட்டும்.

புதுப் பெற்றறிக்கு ஏத்த மாதிரிச் சொக்கட் மாத்தும்போது சிவப்பு கறுப்பை ரெண்டு தரம் பாருங்க. ஒரு மழை இரவு அவசரத்தில நான் வயரை மாறி ஈயம் பிடிச்சுப்போட்டன். பெற்றறியைக் கொழுவின அந்த நொடியில ஒரு டிக், ஒரு நூல் புகை, புதுக் கொன்ட்ரோலர் போச்சு. இருபது வருசமா இதே வேலை செய்யிற கை அது. இப்ப ஈயம் பிடிச்ச பிறகு மீற்றரை வச்சுப் பார்க்காம ஒண்டையும் கொழுவிறதில்ல.

பெற்றறி வாங்கும்போது இன்னொரு விசயம். ரிரி-01 இன்ர பெற்றறி இடம் வளைவா இருக்கும், பழைய உருளைச் செல்லுக்கு ஏற்ற மாதிரி. சதுர மூலை லிப்போ நேரா இறங்காது. மூலை உருட்டின பெட்டியில வாற 2எஸ் கேட்டு எடுங்க. இல்லாட்டிச் சேசியை அரத்தால ராவ வேணும்.

பெரியகடைத்தெரு · செவ்வாய் அதிகாலை 4.10

நான் புளியந்தீவு, இப்ப இருக்கிறது கனடாவில. இந்த இழையைப் பார்த்து நித்திரை வரேல்ல. ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் தீர்த்தத்துக்கு வாறன். பெற்றறி ஏதும் வேணுமெண்டா சொல்லுங்க. தனி லிப்போவைச் சூட்கேசுக்குள்ள போட்டு அனுப்ப விடமாட்டாங்க, கைப்பையில கொண்டு வரலாம். 100 வற் மணிக்குள்ள இருக்க வேணும். 2எஸ் 5000 எண்டா 7.4 ஐ 5 ஆல பெருக்க 37 தான், பிரச்சினையில்ல. முனைக்கு ரேப் ஒட்டி ஒவ்வொண்டையும் தனித்தனிப் பையில போட்டுக் கொண்டு வருவன்.

கல்லடிக்கரை · செவ்வாய் காலை 6.45

தம்பி, பெரிய உதவி. ஒண்டு மட்டும் போதும், மூலை உருட்டினது. முதல் பெற்றறியை இஞ்சயே எடுக்கிறன், ஆடி வரைக்கும் பொறுக்க ஏலாது.

ஒலுவில்பட்டறை · செவ்வாய் மாலை 5.30

சரி அண்ணா, ரிரி-01 ஐயே வச்சிக்கங்க, நான் மறுக்கேல்ல. ஆனா மோட்டரையாவது பிரஷ்லெஸ் ஆக்குங்க. 3300 கேவி, அதாவது வோல்டுக்கு 3300 சுத்து, மோட்டர் ஒண்டு 7.4 வோல்டில நிமிசத்துக்கு 24,420 சுத்து, சுமை இல்லாம. இல்லாட்டி பினியனையாவது, அதான் மோட்டரில இருக்கிற சின்னப் பல்லுச் சில்லையாவது மாத்துங்க. கிட்டில வந்தது 19 பல்லுப் பினியன், அது சுத்துற பெரிய பல்லுச் சில்லு 61 பல்லு ஸ்பர், உள் விகிதம் 2.6. அதால இறுதி விகிதம், கார்ச் சில்லு ஒருக்காச் சுத்த மோட்டர் சுத்துறது, 8.35. பினியனை 22 ஆக்கினா 7.21. நேர் ஓட்டத்தில நல்லா வித்தியாசம் தெரியும்.

ரிமோட்டுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸில ஃபிளைஸ்கை ஜிரி3சி இல்லாட்டி ரேடியோலிங்க் ஆர்சி4ஜிஎஸ் போதும். கிறிஸ்டல் கதையே இல்லை. ரிசீவரை ரிமோட்டோட ஒருக்கா பைண்ட் பண்ணி (சோடி சேர்த்து) விட்டாப் போதும். ஃபெயில்சேஃப் எண்டு ஒண்டு இருக்கு, அதை மறக்காம வைங்க. சிக்னல் விட்டா மோட்டர் தானா நிக்கும்.

கல்லடிக்கரை · செவ்வாய் இரவு 9.00

தம்பி, ஆர்சி4ஜிஎஸ் எண்டே முடிவு. நீங்க கிறிஸ்டல் எண்டதும் ஞாபகம் வந்தது. 27 மெகாஹேர்ட்ஸில மொத்தம் ஆறு நிறம். மண்ணிறம், சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம். ஆறு பேருக்கு மேல ஒரே நேரத்தில ஓட ஏலாது. உடுப்புக் காய விடுற கிளிப்பில நிறம் அடிச்சு ஒரு பலகையில கொழுவி வச்சிருப்பம். கிளிப்பைக் கையில எடுத்தவன் மட்டும்தான் ரிமோட்டைப் போடலாம். ஒருத்தன் மறந்து போட்டா மற்றவன்ட கார் நேரா மதிலுக்குத்தான். இப்பத்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை எண்டது எனக்கு உண்மையிலயே சந்தோசம்.

ஆனா மோட்டர் விசயத்தில ஒரு கதை சொல்ல வேணும்.

தோகாவில முதல் வருசம் எல்லாருக்கும் கிட்டில வந்த 540 தான். அதால கடைசிச் சுத்து வரை ஆறு காரும் ஒரு கொத்தா வரும். ரெண்டாம் வருசம் ஒருத்தர் பிரஷ்லெஸ் போட்டுக்கொண்டு வந்தார். கெட்ட மனுசன் இல்ல, வேகத்தில ஆசை, அவ்வளவுதான். முதல் கிழமை எல்லாரும் கை தட்டினம். ரெண்டு மாசத்தால இன்னும் ரெண்டு பேர் வாங்கினாங்க. சம்பளம் குறைஞ்ச பெடியன்கள், மாசம் முழுக்க வீட்டுக்குக் காசு அனுப்புறவங்கள், ஒவ்வொருத்தரா வராம விட்டாங்க. ஒருத்தன் மட்டும் கடைசி வரைக்கும் வந்து ஓரத்தில நிண்டு பார்த்துக்கொண்டு நிண்டான், காரைப் பைக்குள்ள இருந்து எடுக்காமலே. பன்னிரண்டு பேர் மூண்டு பேரானம். நான் ஊருக்கு வர முதலே அந்தக் கார் பார்க்கில ரேஸ் செத்துப்போச்சு.

அதால எனக்கு வேகம் வேண்டாம். என்டதை 19 பல்லுப் பினியனோட, 540 மோட்டரோட வச்சிக்கிறன். எனக்குப் பக்கத்தில ஓடுறவனும் அப்பிடி வந்தாப் போதும்.

மில்லடி · புதன் காலை 6.20

அஸ்ஸலாமு அலைக்கும். சம்மாந்துறை. நான் இவ்வளவு நாளும் வாசிச்சிட்டு இரிக்கன், எழுதல்ல. கல்லடிக்காரர் கடைசியா எழுதினதைப் பார்த்துத்தான் எழுதுறன்.

எங்கட குடும்பத்துக்கு ஒரு ரைஸ் மில் இரிக்கி. நெல் காயப் போடுற சீமெந்துத் தளம் நூறடிக்கு அறுபதடி வரும். பெரும்போக நெல் எல்லாம் காஞ்சி முடிஞ்சி, சிறுபோகம் வெட்டுற வரைக்கும் தளம் சும்மாதான். ஆவணி வரைக்கும் பயமில்ல. தங்கச்சிட மகன்ட கையில 144001 ஒண்டு இரிக்கி, அவன் அதில தனியத்தான் சுத்துறான். வாப்பாட்ட கேட்டன். "பிள்ளைகள் விளையாடட்டும், போற நேரம் கூட்டி வச்சிட்டுப் போகச் சொல்லு" எண்டார்.

வெள்ளிக்கிழமை மில் பூட்டு. ஆனா உங்களுக்கு வேலை நாள். ஞாயிறு மில் ஓடும், தளத்தில ஆள் இல்ல. அஸர் தொழுகைக்குப் பிறகு, நாலரை மணி எண்டா வெயிலும் சாஞ்சிரும்.

கல்லடிக்கரை · புதன் காலை 6.50

வ அலைக்கும் ஸலாம். தம்பியா காக்காவா எண்டு தெரியல்ல, எப்பிடி நன்றி சொல்லுறது எண்டும் தெரியல்ல. வாப்பாவுக்கு என்ட வணக்கத்தைச் சொல்லுங்க.

மில்லடி · புதன் காலை 7.00

எனக்கு 38 வயசு. நீங்க காக்கா, நான் தம்பி. முடிஞ்சிது.

பாடுமீன்77 · புதன் பகல் 1.15

இதுக்கு மேல என்ன வேணும்! சீமெந்துத் தளம் எண்டா சில விசயம். நெல் தூசி இருக்கிற சீமெந்து வழுக்கும். ஓட முதல் தும்புத்தடியால கூட்ட வேணும், வளைவு வாற இடத்தை ரெண்டு தரம். உமி ஸ்பர் பல்லுக்குள்ள போனா கீச்சுக் கீச்செண்டு கேக்கும், உடனே நிப்பாட்டி எடுங்க. தளத்தில சதுரம் சதுரமாத் தார் ஊத்தின இடைவெளி இருக்குமே, அதில கார் துள்ளும். சேசியை நிலத்தில இருந்து 7, 8 மில்லிமீற்றராவது தூக்கி வைங்க.

கல்லடிக்கரை அண்ண, மிச்ச வேலை. அச்சுகளைத் தாங்குற பிளாஸ்ரிக் புஷ் எல்லாத்தையும் கழட்டிப் பெயரிங் போடுங்க. ரிரி-01 இல வேகத்துக்கும் பெற்றறி நேரத்துக்கும் அதைவிடப் பிரயோசனமான செலவு இல்லை, ரேஸ் விதியையும் முறிக்காது. பழுதானா மண்ணெண்ணெய்யில ஊற விட்டுக் காய வச்சு, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு. மண்ணெண்ணெய் காரின்ர பொடியில, அதான் மேல் கூட்டில, படக் கூடாது.

ஆணி கழட்டேக்க கவனம். தமியா ஆணி யப்பான் அளவு. ஹார்ட்வெயாரில வாற சாதாரண பிலிப்ஸ் திருப்புளி முழுசா இருக்காது, தலையைத் தின்னும். மோட்டார்சைக்கிள் கராஜில யப்பான் பைக்குக்கு வச்சிருக்கிற திருப்புளி சரியாப் பொருந்தும். நான் பக்கத்துக் கராஜில ஒண்டு இரவல் வாங்கிப் பார்த்திட்டு, பிறகு சொந்தமா ஒண்டு எடுத்தன்.

பினியன் எப்பவாவது வாங்கினா பல்லு அளவு 0.6 மொடியூல் எண்டு கேளுங்க. 48 பிச் எண்ட மற்ற அளவு பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும், பல்லு சேராது. ஒரு பின்னேரத்தில ஸ்பரைத் தவிடாக்கிப்போடும்.

என்னிட்டயும் ஒரு ரிரி-02 கிடக்கு. ஒரு வருசமாத் தொடேல்ல. கிட்டில வந்த 22 பினியன், 70 ஸ்பர், விகிதம் 8.27. உங்கட 8.35 க்குப் பக்கத்தில. அதையே கொண்டு வாறன், அதே 540 மோட்டரோட.

ஒலுவில்பட்டறை · புதன் இரவு 11.40

கல்லடிக்கரை அண்ணா, அந்தப் பைக்குள்ள இருந்து காரை எடுக்காத ஆளைப் பற்றி எழுதினதை ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன்.

மில்லடி நானாட மருமகனும் 144001 எண்டார். அவர்ட மோட்டர் கம்பனியில வந்ததுதானே? இண்டைக்கு என்ட பிரஷ்லெஸ்ஸைக் கழட்டிப் கம்பனியில வந்த பழைய 550 மோட்டரையே திரும்பப் போட்டிருக்கன். ரெண்டு பிரிவா ஓடுவம், தமியா தமியாவோட, 144001 அதோட. நான் சுத்து எண்ணுறதுக்கு ஃபோனில ஒரு சின்ன ஆப் எழுதிக்கொண்டு வாறன். பிரஷ்லெஸ் ஓடுறதெண்டா எல்லாம் முடிஞ்ச பிறகு தனிய ரெண்டு சுத்து, அதுக்கு அனுமதி தாங்க.

கல்லடிக்கரை · வியாழன் காலை 6.10

தாராளமா. நானே நிண்டு பார்ப்பன்.

கல்லடிக்கரை · ஞாயிறு இரவு 10.05 (மூண்டு கிழமைக்குப் பிறகு)

இண்டைக்கு முதல் ரேஸ். வீட்டை வந்து குளிச்சிட்டு உடனே எழுதுறன்.

நாலு மணிக்கே போயிட்டன். மில்லடித் தம்பி தளத்தை ஏற்கெனவே கூட்டி வச்சிருந்தார். ஓட்டப்பாதை குறிக்க மீன்பிடிப் படகில கட்டுற தடிச்ச தும்புக் கயிறு கொண்டு வந்திருந்தார், அது கார் பட்டா முறிக்காது, தானும் நகராது. எட்டு வளைவு. மேற்குப் பக்கத்தில இருந்து கச்சான் காத்து அடிச்சுக்கொண்டே இருந்தது, நேர் ஓட்டத்தில எதிர்க்காத்து, திரும்பி வரேக்க காரைப் பின்னால தள்ளும். அதுக்கு ஏத்த மாதிரி பிறேக்கை முந்திப் பிடிக்க வேண்டி வந்தது. தோகாவில இப்பிடி ஒரு காத்து எனக்குத் தெரியாது.

ஆர்சி4ஜிஎஸ், 1060, மூலை உருட்டின 5000 பெற்றறி, பலன்ஸ் சார்ஜர், பெயரிங், புது ரயர் ஒரு செற், எல்லாம் 60,000க்குள்ள முடிஞ்சிது. பொடி பழசுதான். வெடிச்ச இடத்துக்கு உள்பக்கமா வலைத்துணி வச்சு ஒட்டினன்.

பாடுமீன் தம்பியும் நானும் பத்துச் சுத்து ஓடினம். ஆறாவது சுத்தில முதல் இடத்தில இருந்தன், மூண்டாம் வளைவில அந்தத் தார் இடைவெளியில முன் சில்லு துள்ளி, கார் அரைச் சுத்துச் சுத்தி நிண்டது. தம்பி உள்பக்கத்தால போனார். கடைசிச் சுத்தில அதே வளைவில பக்கத்தோட பக்கமா வந்தம், ரெண்டு பொடியும் உரசிற சத்தம் கேட்டுது, வெளியால தள்ளுப்பட்டவன் நான். ஒரு கார் நீளத்தில தோத்தன். கை நடுங்கிக்கொண்டு இருந்தது, பத்து நிமிசத்துக்கு ரிமோட்டைக் கீழ வைக்க மனம் வரேல்ல.

ஓடி முடிஞ்சதும் மோட்டரில விரல் வச்சுப் பார்த்தன். மூண்டு வரை எண்ண ஏலுமா இருந்தது, அவ்வளவு சூடில்ல. வீட்டை வந்து பெற்றறி ஆறினாப் பிறகு மீற்றரில பார்த்தன், செல் ரெண்டும் 3.74. இப்ப ஸ்டோரேஜில ஏறிக்கொண்டு இருக்கு, முடிஞ்சதும் சட்டிக்குள்ள.

144001 பிரிவில ஒலுவில் தம்பியை மில்லடியிட மருமகன் ரெண்டு தரமும் வெண்டிட்டான். பதின்மூண்டு வயசு. வெண்டிட்டு ஒண்டும் பேசாம மாமாக்குப் பின்னால போய் நிண்டுகொண்டான். போகேக்க என்னட்ட வந்து மெல்லமாக் கேட்டான், "பெரியப்பா, அடுத்த கிழமையும் வருவீங்களா?"

மில்லடி · ஞாயிறு இரவு 10.30

காக்கா, அவன் இன்னும் நித்திரை கொள்ளல்ல. காரைக் கழட்டி வச்சிட்டு இரிக்கான். மூண்டாம் வளைவு இடைவெளியைச் சீமெந்து வச்சி நிரப்பலாமா எண்டு வாப்பாவே கேக்கார். நாளைக்கி மேசனைக் கூட்டிட்டு வாறன்.

பாடுமீன்77 · ஞாயிறு இரவு 10.45

நிரப்பினா ஒரு கிழமையாவது தண்ணி ஊத்தி இறுக விடுங்க தம்பி, அது வரைக்கும் கயிறை ரெண்டடி உள்ளுக்குப் போட்டு ஓடுவம். ஏறாவூரில இருந்து ரெண்டு பேர் கடைக்கு வந்து கேட்டுட்டுப் போனாங்க, ஒருத்தர்ட கையில பழைய ரிரி-01. பெற்றறி பழைய நிக்கல்தான். முதல் ரெண்டு கிழமைக்கு என்ட பெற்றறியைக் குடுக்கிறன்.

கல்லடிக்கரை · ஞாயிறு இரவு 10.50

என்ட பழைய புஷ் செற்றும், கழட்டின கொன்ட்ரோலரும் கிடக்கு. ஆருக்கும் தேவை எண்டாச் சொல்லுங்க, கொண்டு வாறன். தும்புத்தடி ரெண்டும் நான் கொண்டு வாறன். நாலு மணி.